முடிச்சுக்குள் இருந்த சாவி

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடியே பழனிவேல் விஷயத்தைச் சொல்லி முடித்தபோது மணி ஒன்பதே கால். கார் சாவி குளத்தில் போய்விட்டது. நேற்றுச் சாயங்காலம் அக்கா வீட்டுக் காரைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்திவிட்டுத் தெருக்கோடிக் குளத்தில் முங்கப் போனவன், வேட்டி மடிப்பில் சாவி இருந்ததையே மறந்துவிட்டான். விடிந்ததிலிருந்து நாலு தடவை மூழ்கித் தேடியாயிற்று. கைக்கு வந்ததெல்லாம் சேறுதான்.

"நேத்தே ஏன் மாமா சொல்லல?" என்று கேட்டாள் இளவரசி.

"காலையில கெடைச்சிடும்னு நெனைச்சேன் பாப்பா."

"சாவி என்ன கெண்டை மீனா, காலையில மேல வந்து வாயத் தொறக்க?"

அவள் குரலை உயர்த்தவில்லை. தில்லையம்மாளுக்கு அதுதான் பயமாக இருந்தது. கத்துகிற பெண் கத்தாமல் இருந்தால் தாய்க்குத் தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலம் மூன்று மணிக்கு இளவரசிக்குக் கடலூரில் டிரைவிங் டெஸ்ட். எல்.எல்.ஆர். போட்டபோது குடும்பம் கடலூர் முதுநகரில் இருந்தது. சிதம்பரத்துக்குக் குடிவந்த பிறகும் டெஸ்டுக்கு அங்கேதான் போக வேண்டியிருந்தது. அந்த எல்.எல்.ஆரும் நாளையோடு காலாவதி. இன்றைக்கு விட்டால் முதலிலிருந்து மனுப் போட்டு, இன்னொரு மாதம் காத்திருக்க வேண்டும். ஆனால் திங்கட்கிழமை சேத்தியாத்தோப்பில் ஒரு விதைக் கம்பெனியில் அவள் வேலைக்குச் சேர வேண்டும். வயல் வயலாகப் போய்ப் பார்க்கிற வேலை. வண்டி ஓட்டத் தெரிந்தவர்தான் வேண்டும், டெஸ்டில் பாஸான சீட்டோடு வாருங்கள் என்று ஏற்கெனவே இரண்டு தடவை தேதியைத் தள்ளிக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் தடவை கேட்க முடியாது.

வேறு காரில் போய் டெஸ்ட் கொடுக்கவும் வழியில்லை. நாலு வருடத்துக்கு முன் பண்ருட்டி ரோட்டில் லாரி ஒன்று அவளுடைய ஸ்கூட்டியை இடித்ததில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இந்தக் காரில்தான் கிளட்ச் கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கைப்பிடி ஒன்று வைத்துக் கொடுத்திருந்தார்கள். தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். அவளால் ஓட்ட முடிந்த கார் இந்த ஜில்லாவில் இது ஒன்றுதான்.

"ரெண்டாவது சாவி எங்கம்மா? வண்டி எடுத்த அன்னிக்கு உன் கையிலதான குடுத்தேன்."

தில்லையம்மாள் உள்ளே போனாள். சாமி அலமாரிக்கு எதிரே நின்றாள். பெருமாள் படத்துக்குப் பின்னால், சுவரோடு ஒட்டினாற்போல் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று இருந்தது. அதை எடுக்கவில்லை, தொடவும் இல்லை. வேண்டுமென்றே பீரோவைத் திறந்து இரண்டு புடவையைப் புரட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"எங்க வெச்சேன்னே தெரியல" என்றாள்.

பொய். அவள் மகளிடம் அநேகமாகப் பொய் சொன்னதே இல்லை. இளவரசி ஒரு நொடி அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, போனை எடுத்து யார் யாரையோ விசாரிக்க ஆரம்பித்தாள்.

திருப்பாதிரிப்புலியூரில் கார் சாவி போடுகிற ஆரோக்கியராஜ் பைக்கில் வந்து இறங்கும்போது பதினொன்றரை. நாற்பது வயதிருக்கும். தோளில் பெரிய பை. வந்தவன் காரைப் பார்க்கவில்லை. முதலில் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டான், பிறகு ஆதார் அட்டையை. இரண்டிலும் உள்ள பேரைச் சரிபார்த்து, இளவரசியைக் காருக்குப் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு படமும் எடுத்துக்கொண்டான்.

பழனிவேலுக்குச் சுருக்கென்றது. சொந்த வண்டிக்குச் சாவி போட இவ்வளவு விசாரணையா, நாங்கள் என்ன திருடர்களா என்று கேட்டான்.

"திருடனும் இப்படித்தான் சார் கோவப்படுவான்" என்று ஆரோக்கியராஜ் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேலையில் உட்கார்ந்தான்.

கதவுப் பூட்டுக்குள் மெல்லிய கம்பியை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு பல் பல்லாக அளந்தான். அளந்ததைத் தாளில் எண்ணாகக் குறித்தான். பையிலிருந்த சின்ன மெஷினில் வெறும் சாவித் தகடு ஒன்றை மாட்டி வெட்டினான். தகடு கிறீச்சிட்டது. முக்கால் மணி நேரத்தில் புதுச் சாவி தயார். கதவு திறந்தது, ஸ்டியரிங் பூட்டும் விட்டது. பழனிவேல் கையெடுத்துக் கும்பிட்டே விட்டான்.

ஆனால் சாவியை முழுக்கத் திருப்பியும் இஞ்சின் பிடிக்கவில்லை. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஒன்று, கார் படமும் பூட்டுப் படமுமாக, விட்டுவிட்டு மினுக்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஆரோக்கியராஜ் விளக்கிச் சொன்னான். இரும்புச் சாவி கதவைத் திறக்கும், பூட்டைத் திருப்பும், அவ்வளவுதான். கம்பெனி கொடுத்த சாவியின் கறுப்புத் தலைக்குள் அரிசி மாதிரி ஒரு சிப் இருக்கும். அதற்கு பேட்டரி கிடையாது. சாவி போடுகிற துவாரத்தைச் சுற்றி வளையம் போல ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அது கேட்கும், சிப் தன் ரகசிய எண்ணைச் சொல்லும். எண் சரியாக இருந்தால்தான் இஞ்சினுக்கு அனுமதி, ஒரு தடவை பிடித்துவிட்டால் அப்புறம் கேட்காது. வாசலில் ஆள் நிறுத்தி வைத்த மாதிரி. இந்தச் சாவிக்குத் தலையில் ஒன்றும் இல்லை. அதனால்தான் ஆள் உள்ளே விடமாட்டேன் என்கிறான்.

"அப்ப சிப் போட்டுக் குடுங்க" என்றாள் இளவரசி.

"பழைய சாவி ஒண்ணு கையில இருந்தா இப்பவே ஆரம்பிச்சிடலாம் மேடம். ரெண்டுமே இல்லன்னா கம்பெனிலேர்ந்து கோடு வரணும். திங்கள், செவ்வாய் ஆயிடும்."

கூடவே இன்னொன்றும் சொன்னான். குளத்தில் கிடக்கிற சாவியும் இந்தக் காருக்கு இன்னமும் சாவிதான். கோடையில் தண்ணீர் வற்றி எவன் கையிலாவது கிடைத்து, அது கெடாமலும் இருந்தால், அவன் நேராக வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். புதுச் சாவி போட்டால் மட்டும் போதாது, தொலைந்த சாவியின் எண்ணைக் கார் மூளையிலிருந்து அழிக்கவும் வேண்டும். ஜனங்கள் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

அதெல்லாம் இளவரசி காதில் ஏறவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து போனில் கம்பெனி மேலாளரின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தாள். மணி பன்னிரண்டரை. ஒன்றே கால் மணிக்குள் கிளம்பினால்தான் கடலூருக்கு நேரத்துக்குப் போகலாம்.

"சார், வணக்கம். இளவரசி பேசறேன், சிதம்பரம்... இல்ல சார், திங்கக்கெழமை..."

"பாப்பா, போனை வையி" என்றாள் தில்லையம்மாள்.

குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. இளவரசி, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி போனை வைத்தாள். தில்லையம்மாள் உள்ளே போய், கைகால் கழுவிக்கொண்டு, பெருமாள் படத்துக்குப் பின்னாலிருந்து அந்த மஞ்சள் முடிச்சை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"சாவி இதுல இருக்கு."

அவளே சொன்னாள். கார் வந்த அன்றைக்கே திருவந்திபுரம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு கட்டியது. உள்ளே ஒரு ரூபாய்க் காசு, ஒரு மஞ்சள் துண்டு, ரெண்டாவது சாவி. என் பெண் லைசென்ஸ் வாங்கி, தன் கையால் இந்தக் காரை ஓட்டிக்கொண்டு உன் வாசலுக்கு வந்த பிறகுதான் இதை அவிழ்ப்பேன் என்று சொல்லிக் கட்டிய முடிச்சு.

"யக்கா, உனக்குப் புத்தி இருக்கா?" பழனிவேல் தலையில் அடித்துக்கொண்டான். "காலையிலேர்ந்து கையில வெச்சிக்கினா நிக்கிற? குடு இங்க. நான் அவுக்கறேன்."

தில்லையம்மாள் முடிச்சை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"கிட்ட வராத பழனி."

அவள் தம்பியை அப்படிப் பேசிக் கேட்டவர்கள் யாரும் இல்லை. அவன் நின்றுவிட்டான்.

"அம்மா," இளவரசி பொறுமையாகக் கேட்டாள், "லைசென்ஸ் கெடைக்கணும்னுதான கட்டின? இன்னிக்கு இத அவுக்கலன்னா அந்த லைசென்ஸே கெடைக்காது. சாமிக்கு இது புரியாதா?"

"உங்க அப்பாவுக்கும் கட்டினேன்."

ஒன்பது வருடமாக யாரிடமும் சொல்லாதது இப்போது வாசலில், முன்பின் தெரியாத சாவிக்காரனுக்கு எதிரே வந்துவிட்டது. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அவர் நடந்து வந்து கும்பிட்ட பிறகு அவிழ்ப்பதாக ஒரு முடிச்சு கட்டியிருந்தாள். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் அன்றைக்கே திருவந்திபுரம் போகிறாள் என்று தெரிந்து, நாளைக்கு வரப்போகிறவர்தானே என்று முடிச்சை அவிழ்த்துக் காசைக் கொடுத்தனுப்பினாள். அவர் வரவில்லை.

"ஒரு நாள் முன்னாடி அவுத்தேன். ஒரே ஒரு நாளு."

அப்பா இறந்தது எதனால் என்று டாக்டர்கள் சொன்ன காரணம் இளவரசிக்குத் தெரியும். அதைச் சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. அம்மாவின் விரல்கள் துணியின் மேல் வெளுத்துப்போயிருந்தன.

ஆரோக்கியராஜ் மெதுவாகத் தன் சாமான்களைப் பையில் எடுத்து வைக்க ஆரம்பித்தான். கட்டாயப்படுத்தாதீர்கள் என்று பழனிவேலிடம் சொன்னான். அவனுடைய அம்மா வேளாங்கண்ணியில் நேர்ந்துகொண்டு மாட்டிவிட்டு வந்த பூட்டு இருபது வருடமாக அங்கேயே தொங்குகிறதாம். சாவிக்காரன் மகன் இருந்தும் அதைத் திறக்கச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லையாம்.

தில்லையம்மாள் அவன் எடுத்து வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்ன ஒரு வார்த்தை அவளுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

"தம்பி, அந்தச் சிப்பு பேசும்னு சொன்னியே. அது அந்த வளையத்தத் தொட்டுக்கினுதான் பேசணுமா?"

"தொட வேணாம்மா. கிட்டக்க இருந்தா போதும். ரெண்டு விரக்கட."

"அப்ப துணிக்குள்ளேர்ந்து பேசாதா?"

ஆரோக்கியராஜின் கை பைக்குள் அப்படியே நின்றது. அவளைப் பார்த்தான், முடிச்சைப் பார்த்தான்.

"பேசும்" என்றான். பிறகு, "காசு குறுக்க வராம இருந்தா பேசும்" என்றான்.

நாலு பேரும் காரைச் சுற்றி நின்றார்கள். இளவரசி சீட்டில் ஏறி, கைப்பிடியை இடது கையால் தள்ளிப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டாள். வலது கையில் வெறுந்தலைச் சாவி. தில்லையம்மாள் திறந்த கதவு வழியாகக் குனிந்து மஞ்சள் முடிச்சைச் சாவித் துவாரத்தோடு சேர்த்து வைத்தாள். முதல் திருப்பு. சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டேதான் இருந்தது. இரண்டாவது தடவையும் அதேதான்.

காசு சிப்பை மறைக்கிறது என்றான் ஆரோக்கியராஜ். தில்லையம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முடிச்சுக்குள் எது எங்கே இருக்கிறதென்று அவள் விரலுக்குத் தெரியும், தினமும் விளக்கேற்றியதும் தொட்டுக் கும்பிடுவது. இது மஞ்சள், இது சாவியின் வால், இது தலை. தலையின் மேல் படுத்திருந்த காசைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளித் துணியின் மூலைக்குக் கொண்டுபோய் அங்கேயே இறுக்கிப் பிடித்தாள்.

"இப்பத் திருப்பு."

விளக்கு அணைந்தது. இஞ்சின் பிடித்தது.

புதுச் சிப்பில் எண்ணை ஏற்ற இப்போது நேரமில்லை, அவசரத்தில் செய்து பாதியில் நின்றுபோனால் கார் ஊமையாகிவிடும், டெஸ்ட் முடிந்து வாருங்கள் என்றான் ஆரோக்கியராஜ். இளவரசியின் தலைமுடி ரப்பரை வாங்கி முடிச்சைச் சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில் இறுக்கிக் கட்டினான். வழியில் எங்கேயும் இஞ்சினை அணைக்காதீர்கள் என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தான்.

முன்சீட்டில் பழனிவேல், பின்சீட்டில் தில்லையம்மாள். வெள்ளாற்றுப் பாலம் ஏறி இறங்கி பி.முட்லூர் தாண்டும்போது ஒரு மணி நாற்பது. புதுச்சத்திரத்தில் ரோடு வேலைக்காகக் கால் மணி நேரம் நிறுத்தினார்கள். முன்னாலிருந்த வண்டிகளெல்லாம் இஞ்சினை அணைத்தன. இவர்கள் வண்டி மட்டும் உறுமிக்கொண்டு நின்றது. பெட்ரோல் என்ன ஓசியில் வருகிறதா என்று கொடி பிடித்து நின்ற ஆள் கேட்டார். வயிற்றுக்குச் சரியில்லாத ஆள் இருக்கிறார் என்று பழனிவேல் சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்லி வைத்தான். அந்தப் பள்ளம் மேடெல்லாம் கார் குலுங்கியபோது தில்லையம்மாள் முடிச்சையே பார்த்துக்கொண்டு வந்தாள். காசு நகர்கிறதா என்று கண்ணுக்குத் தெரியவா போகிறது.

மைதானத்துக்குள் நுழையும்போது மணி மூன்றாக ஏழு நிமிஷம். ஆறு வண்டிகள் வரிசையில் நின்றன. டெஸ்ட் கொடுப்பவரைத் தவிர எல்லோரும் இறங்கிக் கயிற்றுக்கு அப்பால் போகச் சொன்னார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் ஐம்பது வயதுப் பெண், தொப்பியை மடக்கிக் கையில் வைத்திருந்தார். வரிசை நெடுக ஒவ்வொரு வண்டியாகத் தட்டிக்கொண்டே வந்தார்.

"எல்லாரும் இஞ்சின ஆஃப் பண்ணுங்க. பேர் கூப்பிட்டப்புறம் ஸ்டார்ட் பண்ணா போதும்."

தில்லையம்மாள் கயிற்றைப் பிடித்தாள். இளவரசி திரும்பி ஒரு தடவை அம்மாவைப் பார்த்தாள். சாவியைத் திருப்பினாள். கார் அடங்கியது.

அவள் பேரைக் கூப்பிட இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இளவரசி பிரேக்கைத் தள்ளிச் சாவியைத் திருப்பினாள். இஞ்சின் பிடிக்கவில்லை என்று கயிற்றுக்கு அப்பாலிருந்தே தில்லையம்மாளுக்குத் தெரிந்தது. மறுபடி திருப்பினாள். மறுபடியும். பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான்.

"வண்டி கண்டிஷன்ல இல்லன்னா எறங்கிக்கம்மா. அடுத்த தேதி வாங்கிக்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒரே ஒரு நிமிஷம் மேடம்."

"இது என்ன மஞ்சத்துணி?"

இளவரசி சொன்னாள். எவ்வளவு சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்று தில்லையம்மாளுக்குக் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் முடிச்சின் மேல் பேனாவை நீட்டிக் காட்டி ஏதோ கேட்பது மட்டும் தெரிந்தது. அவிழ்க்கச் சொல்கிறார். இளவரசியின் கை ரப்பரைக் கழற்றி முடிச்சை எடுத்தது. எடுத்த கை அப்படியே நின்றது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அம்மாவைத் தேடினாள்.

கயிற்றைத் தூக்கிக்கொண்டு தில்லையம்மாள் உள்ளே நுழைந்தாள். யாரோ, எம்மா போகாத, என்றார்கள். மைதானம் அகலமாக இருந்தது. ஒரு நாள் முன்னாடி, ஒரு நாள் முன்னாடி என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டது. காருக்குப் பக்கத்தில் வந்தபோது மூச்சு வாங்கியது.

"அவுத்துடு பாப்பா" என்றாள்.

இளவரசி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அவுத்துடு. வர்றது எங்கிட்ட வரட்டும். உனக்கு வேல போவக்கூடாது."

இளவரசி ஒரு கணம் கையிலிருந்த முடிச்சைப் பார்த்தாள். பிறகு அதை ஜன்னல் வழியாக அம்மாவின் கையிலேயே வைத்தாள்.

"எனக்குக் காசு எங்க இருக்குன்னு தெரியல. நீ புடிம்மா."

"யாரும் வெளியேர்ந்து கை வெக்கக் கூடாது" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இளவரசியின் இடது கை பிரேக்கிலும், வலது கை சாவியிலும் இருப்பதைப் பார்த்தார். "ஸ்டார்ட் ஆகுற வரைக்கும்தான். அப்புறம் கயித்துக்கு அந்தாண்ட போயிடணும்."

தில்லையம்மாள் கண்ணை மூடினாள். மஞ்சள். வால். தலை. காசு தலைக்கு அடியில் நழுவிப் போயிருந்தது, விரலுக்கு அகப்படவில்லை. முடிச்சைக் கவிழ்த்தாள். பின்னால் ஹாரன். காசின் விளிம்பு நகத்தில் தட்டியது. நகத்தாலேயே நெம்பி மூலைக்குக் கொண்டுவந்து பிடித்தாள்.

"திருப்பு."

இஞ்சின் பிடித்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, முடிச்சோடு கயிற்றுக்கு அப்பால் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை, அங்கே போய்க் கண்ணை மூடிக்கொண்டாள். எட்டுப் போடும் இடத்தில் கார் மெதுவாக வளைந்ததைப் பழனிவேல்தான் அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான். முதல் வளைவு போயிடுச்சு. ரெண்டாவது. கோட்டத் தொடல. இப்ப ரிவர்ஸ். நின்னுட்டா. ஏன் நின்னுட்டா? பழனிவேல் பேச்சை நிறுத்தினான். தில்லையம்மாள் கண்ணைத் திறந்தாள். கோடு போட்ட இடத்தில் கார் பாதியில் நின்றிருந்தது, ஒரு நாய் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. நாய் போனது. கார் பின்னால் வந்து கட்டத்துக்குள் நேராக நின்றது.

இன்ஸ்பெக்டர் தாளில் எழுதிக்கொண்டே இறங்கினார். இவர்கள் பக்கம் வந்தவர், முடிச்சைக் காட்டி, முதலில் ஒழுங்காக ஒரு சாவி போடச் சொல்லுங்கள், எல்லா வண்டிக்கும் பக்கத்தில் அம்மா நிற்க முடியாது என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. பாஸ் என்று மட்டும் சொன்னார்.

வண்டியை அணைக்காமலே கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தினாள் இளவரசி. சாவிக்காரரிடம் போகலாமா என்று பழனிவேல் கேட்டான். அவள் மேற்கே திருப்பினாள். திருவந்திபுரத்தில் அப்போதுதான் நடை திறந்திருந்தது. பூக்காரிகள் கூப்பிட்டார்கள். கோயில் வாசலுக்கு நேராகக் காரை நிறுத்தி, இளவரசி சாவியைத் திருப்பினாள். இந்தத் தடவை இஞ்சினை அணைக்காதே என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

சன்னதிக்கு எதிரே தில்லையம்மாள் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். முடியவில்லை. அன்றைக்கு அவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தாள். இளவரசி வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். தில்லையம்மாள் கொடுக்கவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். துணி விட்டது.

காசை உண்டியலில் போட்டாள். அது உள்ளே விழுகிற சத்தம் கேட்கிற வரை நின்றாள். மஞ்சள் துண்டை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். மிஞ்சிய சாவியை முந்தானையில் துடைத்தாள். மஞ்சள் வாசனை போகவில்லை.

"இந்தா" என்றாள். "வீட்டுக்கு எடு. பழனி பின்னால ஒக்காரட்டும்."